வண்டியிலும் வீட்டிலும் கோளாறு: பெங்களூர் மவுண்டன் பைக்கர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு கையேடு

துரஹள்ளிக் காட்டில் காலை ரைடு முடித்துவிட்டுக் கனகபுரா சாலையில் இட்லிக்கு உட்காரும் தமிழ்க் கூட்டத்தில் பேச்சு கியரில் தொடங்கி சம்ப் மோட்டாரில் போய் நிற்பது வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் மவுண்டன் பைக்கைப் படுத்துகிற போர்வெல் தண்ணீரும் செம்மண் தூளும்தான் வீட்டையும் படுத்துகின்றன. அதனால் வண்டிக் கோளாறையும் வீட்டுக் கோளாறையும் இங்கே பிரிக்காமலே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் பொருள் வாங்கக் கிளம்பும் முன் மூன்று கேள்விகள். எப்போது வருகிறது? எந்த இடத்தில் மட்டும் வருகிறது, எங்கே வரவில்லை? கடைசியாக எதைத் தொட்டோம்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. “ஒண்ணுமே பண்ணலண்ணா, தானா வந்துச்சு” என்பார்கள். பத்து நிமிடம் பேசினால், நேற்று வண்டியைக் கழுவியது வெளியே வரும்.

கழுவிய மறுநாளே செயின் கிறீச்சென்கிறது, பிரேமில் வெள்ளைத் திட்டு

இரண்டும் ஒரே நோய். தண்ணீர் செயினின் உருளைகளுக்குள் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. பிறகு காய்ந்து, தன்னிடம் இருந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டது. பிரேம் மேல் தெரியும் வெள்ளைத் திட்டும் அதே உப்புதான். கண்ணுக்குத் தெரிவதால் அதைத் துடைக்கிறோம், உருளைக்குள் இருப்பதை விட்டுவிடுகிறோம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஆர்ஓ வைத்திருக்கும் பல வீடுகளில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். குழாய்த் தண்ணீரில் அதை நனைத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணீரும் மற்ற நாளில் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழும் வீடுகளில் இந்த எண் நாளுக்கு நாள் மாறும். “போன வாரம் இப்படி ஆகலையே” என்ற குழப்பத்துக்கு விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

காவேரித் தண்ணீர் வண்டிக்கு நல்லதுதான். ஆனால் அது தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், அரை கிலோமீட்டர் உயரம் மேலே பம்ப் செய்யப்பட்டு வருகிற தண்ணீர். 2024 மார்ச்சில் ஊரே வறண்டபோது குடிநீரில் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஹோஸ் பைப் போட்டு முக்கால் மணி நேரம் குளிப்பாட்டினால் வண்டிக்கும் கெடுதல்தான்.

எங்கள் பக்கம் நிலைத்துவிட்ட முறை இது. மண் ஈரமாக இருந்தால் கழுவவே வேண்டாம், காயவிட்டு பிரஷால் தட்டினால் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். மீதி மண்ணை ஊறவைக்க ஆர்ஓ கழிவு நீர் ஒரு வாளி போதும். அதில் உப்பு குழாய்த் தண்ணீரைவிட அதிகம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதனால் அதோடு நிறுத்தாமல், கடைசித் துடைப்புக்கு ஒரு சொம்பு காவேரித் தண்ணீரை ஈரத்துணியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி குழாயில் சொட்டும் நீரைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை.

அப்புறம் செயின். உலர்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணியில் கறுப்பு குறைந்ததும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், செயினின் உள்பக்கமாக. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கம் தெரிகிற எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்தான். வெளியே மினுமினுப்பது செம்மண்ணைக் கூப்பிட்டு ஒட்டவைத்து, அடுத்த ரைடிலேயே அரைக்கும் பசையாக மாறும். ஜனவரி முதல் மே வரை மெழுகு வகை எண்ணெய்தான் இந்த ஊருக்குச் சரி. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் யோசனைகள் இட்லிக் கடையில் ஒவ்வொரு மாதமும் புதிதாக முளைக்கும். இரண்டும் வேண்டாம்.

பிரேமின் வெள்ளைத் திட்டுக்கு, தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துத் துடைத்து உடனே நல்ல தண்ணீரில் அலசினால் போகும். செயின் பக்கம் மட்டும் வினிகரோ எலுமிச்சையோ போகவே கூடாது. அமிலம் எஃகை உள்ளுக்குள் நொறுங்கும்படி ஆக்கிவிடும், ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் அது தெரியவரும்.

வண்டி கழுவிய பிறகு பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறது

பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயான நஹானி டிராப்பில் செம்மண் களி படிந்திருக்கும். மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கிண்ணத்தைக் கையால் தூக்கி எடுத்துக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றுவது வீண் வேலை, மண் ஆசிட்டில் கரையாது. அடுத்த முறை அழுக்குத் தண்ணீரை வாளியிலேயே ஓர் இரவு தெளியவிட்டு, மேலே இருப்பதைச் செடிக்கும் அடியில் இருக்கும் மண்ணைப் பூந்தொட்டிக்கும் போடுங்கள். கீழ்வீட்டுப் பாத்ரூம் கூரையில் ஈரம் கசிந்து, அசோசியேஷன் கூட்டத்தில் சைக்கிளுக்கே தடை கேட்கும் அளவுக்குப் போன அபார்ட்மென்ட்கள் இந்த ஊரில் உண்டு.

பிரேக் கத்துகிறது; பிரேக் பிடிக்கவில்லை

இந்த இரண்டையும் கலந்து சொன்னால் யாராலும் உதவ முடியாது. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “லீவரை இழுத்துப் பாருங்க, கெட்டியா நிக்குதா, பஞ்சு மாதிரி உள்ளே போகுதா?” என்பதுதான்.

லீவர் கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கூடவே கத்துகிறது என்றால் பேடில் (சக்கரத்தோடு சுற்றும் ரோட்டர் தகட்டைப் பிடித்து நிறுத்தும் கட்டை) எண்ணெய் ஏறியிருக்கிறது. பால்கனியில் செயினுக்கு ஸ்ப்ரே அடித்தபோது ரோட்டர் பக்கம் பறந்த துளி போதும். பக்கத்தில் காருக்குப் பாலீஷ் ஸ்ப்ரே போட்டாலும், கதவுக் கீலுக்கு டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தாலும் இதே கதைதான். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள், விரலால் தொடாதீர்கள். பேடைக் கழற்றி, நுண்ணிய உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஆழமாக ஊறியிருந்தால் காப்பாற்ற முடியாது. அடுப்பில் சுட்டு எண்ணெயை எடுக்கும் வைத்தியத்தைச் சிலர் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். சமையலறையில் அந்தப் புகையை விட்டுவிட்டு வீட்டில் நல்ல பெயர் எடுக்க முடியாது, புதுப் பேடு வாங்கிவிடலாம்.

புதுப் பேடு போட்டதும் கத்துகிறது என்றால் அது இன்னும் பழகவில்லை. சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகத்துக்கு வரும்வரை அழுத்தி விடுங்கள். இப்படி இருபது தடவை போல செய்தால் பேடின் பூச்சு ரோட்டரில் சீராக ஏறிவிடும்.

லீவர் பஞ்சு போல உள்ளே போனால் எண்ணெய்க் குழாயில் காற்று. வண்டியைத் தலைகீழாகப் போட்டு பஞ்சர் பார்த்த பிறகு இது வந்தால், நிமிர்த்தி வைத்து லீவரைப் பல முறை அழுத்துங்கள். சரியாகிவிட்டாலும் உள்ளே காற்று இருப்பது உறுதி, சீக்கிரம் பிளீடிங் (குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது) செய்துவிடுங்கள். எந்த எண்ணெய் என்பதை லீவர் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் என்ற மற்ற வகை எண்ணெய் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். திருப்பிப் போட்டாலும் அப்படித்தான். ஷிமானோ கம்பெனி பிரேக் மினரல் ஆயில் கேட்கும். ஸ்ராம் கம்பெனியில் பல மாடல்கள் டாட், சில புதியவை மினரல்.

மூன்றாவது வகை நந்தி மலையில் வரும். 1,478 மீட்டர் உயரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பயந்துகொண்டு பிரேக்கைத் தொடர்ந்து உரசியபடியே வந்தால் சூடு ஏறும். லீவர் கெட்டியாக இருந்தும் பிடி குறைந்தால் பேடு சூடாகிவிட்டது. லீவர் திடீரென்று கைப்பிடி வரை வந்தால் எண்ணெய் கொதித்துவிட்டது. டாட் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். இரண்டிலும் உடனே ஓரம் கட்டி ஆறவிடுவது ஒன்றுதான் வழி. தண்ணீர் ஊற்றினால் ரோட்டர் வளையும். இறங்கும்போது வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் முழுக்க விட்டுவிடும் பழக்கம் வேண்டும்.

பேடில் தேய்மானப் பொருள் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள். ஷிமானோ ரோட்டர் 1.5 மில்லிமீட்டருக்கு மெலிந்தால் அதற்கும் ஓய்வு.

காலையில் டயர் சப்பையாக இருக்கிறது

வழியிலேயே இறங்கியதா, இரவு நின்றபோது இறங்கியதா என்று பாருங்கள். டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் முள் இல்லை. காற்று குறைவாக வைத்துப் பாறை விளிம்பில் இடித்ததால் ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. ஒரே ஓட்டை என்றால் முள்தான். இங்கே காட்டோரங்களில் சீமைக் கருவேலம் தாராளம். டியூபை ஒட்டிவிட்டு டயரைப் போடும் முன், ஒரு பஞ்சு உருண்டையை டயரின் உள்பக்கம் மெதுவாகச் சுற்றி இழுங்கள். கண்ணுக்கும் விரலுக்கும் படாத முள்முனையில் பஞ்சு நூலாகச் சிக்கி நிற்கும். அந்த முனையை எடுக்காமல் போட்டால் புது டியூபும் வீடு வந்து சேராது.

டியூப்லெஸ் என்றால் முதலில் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்). இரண்டிலிருந்து ஆறு மாதத்தில் அது காய்ந்துவிடும். மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியில் நின்றால் இரண்டு மாதம்தான் கணக்கு. டயரைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், தளும்பும் ஒலி இல்லையென்றால் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. காற்றே ஏறவில்லை, பம்ப் கல்லாக நிற்கிறது என்றால் வால்வின் உள்தண்டில் சீலன்ட் அடைத்திருக்கிறது. கழற்றிச் சுரண்டலாம், அதைவிட ஒரு புதுத் தண்டைப் பையில் வைத்திருப்பது எளிது.

எவ்வளவு காற்று என்ற வாதம் முடிவே இல்லாதது. எழுபது கிலோ ஆளுக்கு, அகலமான டியூப்லெஸ் டயரில், முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ என்று தொடங்கி உங்கள் டயருக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். டியூப் இருந்தால் முப்பதுக்கு மேல். பெட்ரோல் பங்கில் 50 அடித்துக்கொண்டு துரஹள்ளிக்கு வருபவர்களைப் பார்த்தால் முழங்காலுக்காகப் பரிதாபப்படத் தோன்றுகிறது.

சமபாறையிலும் வளைவிலும் முன்சக்கரம் நழுவுகிறது

புது டயர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதற்கு முன் தரையைக் குனிந்து பாருங்கள். துரஹள்ளிப் பாறை லால்பாக் பாறையின் உறவுக்காரன், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைய நைஸ் (gneiss) என்ற பாறை வகை. அது அழிந்து உதிர்வது கரகரப்பான பெருமணலாகத்தான். மழை இல்லாத மாதங்களில் அந்த மணல் பாறையின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். கேழ்வரகு சிந்திய தரையில் கால் வைத்தது போல் சக்கரம் ஓடிவிடும். பாறைக்குப் பிடிப்பு உண்டு, அதன் மேலுள்ள மணலுக்குத்தான் இல்லை. அதனால் மணல் படலத்தில் பிரேக்கையும் திருப்பத்தையும் ஒன்றாகச் செய்யக் கூடாது. வெறும் பாறை தெரியும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, மணலை நேராகக் கடந்து, அப்புறம் திரும்புங்கள்.

எலஹங்கா அருகே ஆவலஹள்ளிக் காட்டுப் பக்கம் சிக்கல் வேறு, அங்கே யூகலிப்டஸ் சருகு. காய்ந்த சருகு வழுக்கும், நனைந்த சருகு அதைவிட மோசம், அடியில் இருக்கும் வேர் தெரியவே தெரியாது. எலஹங்கா பக்கத்து நண்பர்கள் சொல்லும் யோசனை எளிது: முதல் சுற்றை மெதுவாகப் போய் சருகு சேர்ந்த வளைவுகளை மனத்தில் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் வேகம் எடுப்பது.

மழைக்குப் பிறகு எப்போது போகலாம்? செப்டம்பர், அக்டோபரில் தினமும் வரும் கேள்வி. மணல் கலந்த மேட்டுப் பாதை ஒரு நல்ல வெயிலில் காயும். களிமண் பள்ளம் காயாது. டயரில் மண் அப்பிக்கொண்டு ஃபோர்க்கில் உரசத் தொடங்கினால் அன்று திரும்பிவிடுங்கள். ஈரத்தில் நாம் போடும் தடம் காய்ந்ததும் கெட்டியான வாய்க்காலாகி, மாதக்கணக்கில் எல்லோரையும் கவிழ்க்கும்.

கூடவே ஒன்று. இவை வனத்துறையின் இடங்கள். கதவு மூடியிருந்தால் வேலி ஓட்டையைத் தேட வேண்டாம். 2022 இறுதியில் துரஹள்ளி ஓரம் சிறுத்தை நடமாட்டம் செய்தியானது. இருட்டும் முன் வெளியே வந்துவிடுவது, தனியாகப் போகாமல் இருப்பது, காதில் பாட்டு வைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் அப்போதிலிருந்து எங்கள் கூட்டத்தில் வழக்கமாகிவிட்டன.

கியர் தானாகத் தாவுகிறது

வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றும்போதும் தாவினால் சரிசெய்தல் கோளாறு. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாவினால் செயினும் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) தேய்ந்திருக்கின்றன. செயின் எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று செயின் அளவுகோலால் பாருங்கள்: 11, 12 ஸ்பீடுக்கு 0.5, அதற்குக் கீழானவற்றுக்கு 0.75 வந்தால் மாற்றும் நேரம். செயினை நேரத்துக்கு மாற்றினால் கேசட் பிழைக்கும், விலை வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை சீராக ஒரு துள்ளல் வந்தால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் அந்தக் கண்ணி, செயினைப் பல் மாற்றும் டீரெய்லரில் நுழையும்போது மடங்காமல் முறுக்கிக்கொண்டு போவது தெரியும்.

பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகைக் கால் சுற்று வெளிப்பக்கம் திருப்பி இறுக்குங்கள். சின்னப் பல்லுக்கு இறங்க மறுத்தால் கேபிள் உறைக்குள் செம்மண். அதைத் திருகால் சரிசெய்ய முடியாது, கேபிளும் உறையும் மாற்றுங்கள். எப்படித் திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறு பக்கம் கெடுகிறது என்றால் திருகுவதை நிறுத்திவிட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லரின் கூண்டு பல்சக்கரத்துக்கு இணையாக இல்லாமல் உள்ளே சாய்ந்திருந்தால், அதைப் பிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. பைக் வலப்பக்கம் விழுந்ததா என்று கேளுங்கள். பாதையில் விழ வேண்டியதே இல்லை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் யாராவது ஸ்கூட்டரை நகர்த்தும்போது தட்டிவிட்டாலே போதும்.

மிதித்தால் “டக் டக்”

உட்கார்ந்து மிதிக்கும்போது வந்து, எழுந்து மிதித்தால் நின்றால் சீட்டும் சீட் குழாயும். குழாயை வெளியே எடுத்து, உள்ளே போன மணலைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் (கார்பன் என்றால் அதற்குரிய பசை). எழுந்து மிதிக்கும்போது வந்தால் பெடல், அதைத் தாங்கும் கிராங்க் கை என்ற வரிசையில். பெடலை முதலில் பாருங்கள், கழற்ற ஒரு நிமிடம், செலவு இல்லை. மிதிக்காமலே பிரேக் பிடிக்கும்போது வந்தால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்). பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுற்றும் பேரிங்) மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் இவை எல்லாம் பார்த்தாயிற்றா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

பிரஷர் வாஷர் போட்டதும் கரண்ட் போகிறது

பிரஷர் வாஷரால் பைக் கழுவுவதே எனக்கு உடன்பாடில்லை, பேரிங்கில் இருக்கும் கிரீஸ் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனாலும் கார் கழுவ வாங்கியது வீட்டில் இருக்கிறது, பயன்படுத்துகிறார்கள்.

போர்டைத் திறந்து எந்த சுவிட்ச் விழுந்தது என்று பாருங்கள். சின்னதாக ஒற்றையாக நிற்கும் எம்சிபி விழுந்திருந்தால் சுமை அதிகம் அல்லது ஷார்ட். போட்ட நொடியிலேயே விழுந்தால் ஷார்ட்டைச் சந்தேகிக்கலாம், சில நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் சுமை. 1,500 வாட் வாஷர் ஆறரை ஆம்பியர் இழுக்கும், பால்கனியில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். அதை 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் மோட்டார் முனகும், ஒயர் சூடாகும்.

டெஸ்ட் என்று பொத்தான் உள்ள அகலமான ஆர்சிசிபி விழுந்திருந்தால் விஷயம் வேறு, எங்கேயோ மின்சாரம் கசிகிறது. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் வகை. அது விழுந்ததால் எரிச்சல்படாதீர்கள், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதைப் போடுங்கள். நின்றால் ஒவ்வொரு பொருளாகச் செருகிப் பாருங்கள், எது செருகியதும் விழுகிறதோ அதுதான் கள்ளன். பல வீடுகளில் வாஷர் மேல் பழி விழுந்திருக்கும், உண்மையில் கசிவது உப்புப் படிந்து வெடித்த கீசர் எலிமென்ட்டாக இருக்கும். எல்லாம் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் சுவருக்குள் ஈரம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை மட்டும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதில் அவசரம் என்று சொல்ல வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. ஒரு அறையில் விளக்கு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிகிறது, இன்னொரு அறையில் மங்குகிறது, ஃபேன் வேகம் ஏறி இறங்குகிறது. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிட்டது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக வரும், டிவியும் ஃபிரிட்ஜும் எரிந்துபோகும். மெயினை உடனே இறக்கிவிட்டு, மின் நிறுவனமான பெஸ்காமின் 1912 எண்ணைக் கூப்பிடுங்கள். மழைக்காற்றில் கிளை விழுந்த இரவுகளில்தான் இது அதிகம்.

மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை

முதலில் சம்ப் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இங்கேயே முடியும். தண்ணீர் இருந்தும் ஏறவில்லை, மேலே வைத்த மோனோபிளாக் மோட்டார் என்றால் உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில் கல் சிக்கிக் குழாயில் இருந்த நீர் சம்ப்புக்கே இறங்கியிருக்கும். பிரைமிங் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள். ஓடினால், அடுத்த நாளும் இதே கதை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வால்வை மாற்ற வேண்டும்.

மோட்டார் சுற்றாமல் “ம்ம்ம்” என்று மட்டும் சொன்னால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும். பெரும்பாலும் கெபாசிட்டர்தான், மாற்றுவது மலிவு. ஆனால் அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

மும்முனை மோட்டார் உள்ள அபார்ட்மென்ட்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தெருவில் கேபிள் வேலை நடந்து முடிந்த அன்றிலிருந்து மோட்டார் ஓடியும் தண்ணீர் நூலாக வருகிறது என்றால், ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் தீர்ந்தது, அது எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் பம்பையே வெளியே எடுக்கச் செலவழித்த அசோசியேஷன்கள் உண்டு.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

ஒரே ஒரு குழாயில் என்றால் அதன் வாயில் இருக்கும் ஏரேட்டர் என்ற சல்லடை மூடி. கையால் திருகிக் கழற்றி, சல்லடையைக் கொஞ்ச நேரம் வினிகரில் போடுங்கள், வெள்ளைக் கல் கரைந்துவிடும். இது பைக் செயின் போல இல்லை, இங்கே வினிகர் தாராளமாகப் போகலாம். ஒரு பாத்ரூம் முழுக்க என்றால் அதன் வால்வு. வெந்நீரில் மட்டும் என்றால் கீசர் வழியில் உப்பு. வீடு முழுக்க, அதுவும் தொட்டி காலியாகி நிரம்பிய பிறகு என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. இருப்பதிலேயே தாழ்வான குழாயை முழுக்கத் திறந்து வையுங்கள், நான்கு முறை தும்மிவிட்டு நேராகும். எங்கும் தீரவில்லை, தெருவிலேயே வரத்து இல்லை என்றால் குடிநீர் வாரியத்தின் 1916.

ரைடு விட்டு வந்தால் சோலார் வெந்நீர் இல்லை

ஜூலை, ஆகஸ்ட் மேகத்தில் இது கோளாறே இல்லை. நல்ல வெயில் நாளிலும் இல்லையென்றால் முதலில் வரும் பச்சைத் தண்ணீரை ஒரு வாளி பிடித்துப் பாருங்கள், மாடியிலிருந்து வரும் குழாயில் தேங்கியிருந்தது அது. அந்த வாளியை வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு அப்புறமும் வெதுவெதுப்புதான் என்றால் மாடிக்குப் போய்க் கண்ணாடிக் குழாய்களின் மேல் படிந்த தூசியைத் துடையுங்கள். அடுத்து, காற்றுப் போக்குக் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் வருடம் ஒருமுறை உள்ளே உப்பு நீக்க வேண்டும், அதற்கு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி.

இன்வர்ட்டர் முன்போல் நிற்பதில்லை

டியூபுலர் பேட்டரி என்றால் மிதவைகளைப் பாருங்கள். சிவப்புக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், வண்டி துடைக்கப் பிடித்து வைத்த ஏசி தண்ணீரும் வேண்டாம், அதில் ஏசி சுருளின் தூசியும் உலோகத் துகளும் இருக்கும். ஊற்றிய பிறகும் அரை மணியில் படுத்தால் பேட்டரியின் வயதைப் பாருங்கள். ரைடு லைட்டின் லித்தியம் பேட்டரியை இன்வர்ட்டர் அருகே இரவு முழுக்க சார்ஜில் விடும் பழக்கம் எங்கள் கூட்டத்தில் சிலருக்கு உண்டு. உறை உப்பியிருந்தால் அந்த பேட்டரியை மறுபடி செருகாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.